கடிவாளத்தைக் கண்டாலே தலையைத் தூக்கும் பெட்டைக் குதிரை: ஏறாமலே பழக்குவது எப்படி?

பணகுடிக்காரன் | செப்டம்பர் 3, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். பணகுடிப் பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருக்கிறேன். போன வருஷம் ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தையில் ஒரு பெட்டைக் குதிரை வாங்கினேன். கத்தியவாரிக் கலப்பு, செவலை நிறம், காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். வயது ஐந்தோ ஆறோ. வண்டியும் இழுக்கும், ஏறவும் விடும் என்றுதான் விற்றவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு முறைதான் ஏறினேன். இரண்டாவது முறை சாயங்காலம் தோட்டத்து வண்டிப்பாதையில் போகும்போது காற்றாலையின் இறக்கை நிழல் தரையில் ஓடி வந்தது. அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். நான் உடைமரத்தடியில் கிடந்தேன், காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதற்கப்புறம் அதன்மேல் ஏறவில்லை.

இப்போது கடிவாளத்தை எடுத்துக்கொண்டு போனாலே தலையை வானத்துக்குத் தூக்குகிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறது. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று பழமொழி சொல்கிறார்களே, அதேதான். ஒரு நாள் பட்டினி போடு, நாலு போடு போடு, சரியாகிவிடும் என்கிறார்கள் ஊரில். எனக்கு அதில் மனசு இல்லை. மேலே ஏறாமல் தரையில் நின்றே குதிரையைப் பழக்கும் முறை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். தெரிந்தவர்கள் முதலிலிருந்து சொல்லித்தாருங்கள்.

எல்கைவண்டி | செப்டம்பர் 3, இரவு 10:05

தம்பி, நேராகவே சொல்கிறேன். இருபது வருஷமாக எல்கைப் பந்தயத்துக்கு, அதாவது குதிரைவண்டிப் பந்தயத்துக்கு, குதிரை வைத்திருக்கிறேன். குதிரை முந்நூறு கிலோ, நீ எழுபது கிலோ. அதன் குணம் அறிந்துதான் ஆண்டவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று சும்மாவா சொன்னார்கள்? உன்மேல் ஒரு பயம் இருந்தால்தான் அது சொன்ன பேச்சு கேட்கும். கீழே தள்ளிய குதிரையைக் கொஞ்சினால் அடுத்த முறையும் தள்ளும். உன் எலும்பு முறிந்த வருத்தத்தில்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மேலப்பாளையம் ஜட்கா | செப்டம்பர் 4, காலை 6:40

எங்கள் வாப்பா திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்து வண்டியெல்லாம் ஒழிகிற வரைக்கும் ஓட்டினார். சின்ன வயதில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

காலையில் லாயத்துக்குள் போனதும் வாப்பா நேரே கடிவாளத்தை எடுக்க மாட்டார். தோள்பட்டையில் கை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். பிடரிமயிர் முடியும் இடத்தில், முதுகு தொடங்குகிற அந்த மேட்டில், நகத்தால் சொறிந்துகொடுப்பார். குதிரை மேலுதட்டை நீட்டி ஆட்டும். அப்புறம்தான் மற்ற வேலை. இன்னொன்று, இரும்புக் கடிவாளம் வெயிலில் கிடந்தால் வாயில் சூடு வைத்த மாதிரி இருக்கும். அதைத் தண்ணீரில் அலசி, தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய்ப்பக்கம் கொண்டுபோவார். அவர் குதிரை கடிவாளத்துக்குத் தலையைத் தாழ்த்திக் கொடுக்கும். நான் என் கண்ணால் பார்த்தது.

எல்கை அண்ணாச்சி, பயத்தில் ஓடுகிற குதிரை எதைக் கண்டாலும் ஓடும். உங்களைக் கண்டும் ஓடும், நிழலைக் கண்டும் ஓடும். ஸ்டேஷன் வாசலில் ரயில் ஊதுகிறபோது வண்டியில் குழந்தைகளோடு நிற்க அந்தக் குதிரை ஆகாது.

பொருநைக்கரை | செப்டம்பர் 4, காலை 11:15

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரிக் காலத்தில் என்சிசி குதிரைப் பிரிவில் இருந்தேன். இப்போது மூன்று குதிரை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். தம்பி, நீ கேட்பது தரைப்பயிற்சி. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

முதலில் ஒன்றை மனசில் வை. குதிரை புல் தின்னும் பிராணி, காலங்காலமாக இரையாக இருந்தது. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்டத் தன்னைச் சுற்றி முழுவதையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்கு நேர் பின்னால் கொஞ்ச இடமும்தான் தெரியாது. அசைவு என்றால் போதும், முதலில் ஓடிவிட்டு அப்புறம்தான் அது என்ன என்று யோசிக்கும். அப்படி ஓடியவைதான் பிழைத்தன. உன்னைத் தள்ள வேண்டும் என்று அது நினைக்கவில்லை. நிழலிடமிருந்து தப்பித்தது, நீ மேலே இருந்தாய், அவ்வளவுதான்.

அதனால் முதல் வாரம் கயிறே வேண்டாம். விடிகாலை ஐந்தரைக்குப் போ. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார். கூப்பிடாதே, தொடாதே. அதுவாக வந்து உன் தலையை மோந்து பார்க்கிற நாள் வரும். அப்போதும் கையைத் தூக்காதே.

அடுத்தது தொடுவது. தோளிலிருந்து தொடங்கு. அது விலகுவதற்கு முன்னாலேயே நீ கையை எடுத்துவிட வேண்டும். விலகிய பிறகு எடுத்தால், விலகினால் கை போய்விடும் என்று படித்துக்கொள்ளும். சும்மா நிற்கும்போது எடுத்தால், நின்றால் கை போய்விடும் என்று படித்துக்கொள்ளும். தரைப்பயிற்சி முழுவதும் இந்த ஒரே விஷயத்தில் இருக்கிறது. கயிற்றை இழுப்பது பாடம் கிடையாது, கயிற்றை விடுகிற அந்த நொடிதான் பாடம்.

அப்புறம் கயிறு. கடிவாளத்தை எடுத்து மூலையில் தொங்கவிடு. சாதாரணத் தலைக்கயிறு போதும், அதில் பன்னிரண்டு அடி நீளத்தில் பருத்தி வடம். வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். குதிரை பாய்ந்தால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும். காலுக்குச் செருப்பு ஆகாது, மூடிய ஷூ வேண்டும்.

பின்னால் போகச் சொல்வதை முதலில் பழக்கு. முன்னால் நேராக நிற்காமல் கொஞ்சம் ஓரமாக நின்று, தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, மூக்கை நெஞ்சுப்பக்கம் தள்ளுகிற மாதிரி இரண்டு விரல் கனத்துக்கு அழுத்து. காத்திரு. எடை பின்பக்கம் சாய்ந்தாலே போதும், உடனே விடு. அடுத்த முறை ஒரு காலடி கேள். அப்புறம் பின்புறத்தைத் திருப்புவது: விலாவுக்குப் பக்கத்தில் நின்று அதன் பின்தொடையைப் பார்த்துக்கொண்டே வடத்தின் நுனியை மெல்லச் சுழற்று. பின்னங்கால் ஒன்றையொன்று குறுக்கே கடந்து நகர்ந்ததும் நிறுத்து. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், குதிரையின் ஓட்டமெல்லாம் பின்னங்காலில் இருக்கிறது. பின்னங்கால் குறுக்கே போனால் நேராகப் பாய முடியாது. மிரளும் குதிரையை நிறுத்த அதன் வாயைப் பிடித்து இழுப்பதைவிட இது பெரிது.

எல்லாவற்றையும் இடப்பக்கம் செய்த பிறகு வலப்பக்கமும் முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், கூடினால் இருபது. ஒரு நல்ல காலடி கிடைத்ததும் முடித்துவிடு. இன்னும் கொஞ்சம் என்ற ஆசைதான் நம்மைக் கெடுக்கும்.

கால்நடை நெல்லை | செப்டம்பர் 4, பிற்பகல் 2:30

அக்கா எழுதியதோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மருத்துவராக ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. பயிற்சியைத் தொடங்கும் முன் வாயைத் திறந்து பாருங்கள்.

குதிரையின் பல் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி ஓரமும் கீழ்ப் பற்களின் உள் ஓரமும் தேய்ந்து கத்தி மாதிரி கூராகும். கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் சிலவற்றுக்குச் சின்னப் பல் ஒன்று முளைத்திருக்கும், இரும்பு அதில் இடித்தால் உயிர் போகிற வலி. வாயோரத்தில் பழைய தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தின்னும்போது புல்லை உருட்டி உருட்டிக் கீழே துப்பினால் அது பல் பிரச்சினைக்கு அடையாளம். வலிக்கிற குதிரையிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு உரிமை கிடையாது. பக்கத்தில் பார்க்கிறவர் இல்லை என்றால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா? முள்ளும் ஆணியும் கிடக்கிற தோட்டம். வீட்டுப் பிராணிகளில் குதிரை அளவுக்கு டெட்டனஸுக்கு இரையாவது வேறு இல்லை. உங்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

பணகுடிக்காரன் | செப்டம்பர் 9, இரவு 8:50

டாக்டர் ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே தெரிந்த மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்து மயக்க ஊசி லேசாகப் போட்டு, வாயைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். வலது மேல்பக்கம் கன்னத்தின் உள்ளே நீளமாகப் புண். வாயின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைத் தழும்பு, பழையது. யாரோ கம்பியை முறுக்கிக் கடிவாளமாகப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்றார். அரம் வைத்துப் பல்லைத் தேய்த்துவிட்டார். டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்று.

ஒரு வருஷமாக அந்தப் புண்ணோடு அது கொள்ளு தின்றிருக்கிறது. நான் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாளி போட்டு உட்காருவதைத் தொடங்கிவிட்டேன். நான்காம் நாள் வந்து என் காதோரம் மூச்சு விட்டுவிட்டுப் போனது.

ஏர்வாடிப் பையன் | செப்டம்பர் 9, இரவு 11:30

அண்ணே, இவ்வளவு நாள் எடுக்கத் தேவையில்லை. அறுபது அடி வட்டத்தில் வேலி போட்டு, குதிரையை உள்ளே அவிழ்த்துவிட்டு, கயிற்றை வீசி ஓடவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்பக்கக் காது உங்கள் பக்கம் திரும்பும், தலை தாழும், நாக்கால் உதட்டை நக்கி மெல்லும். அப்போது நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றால் அதுவாக வந்து உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும். அமெரிக்காவில் மான்டி ராபர்ட்ஸ் என்ற குதிரைப் பயிற்சியாளர் இப்படித்தான் செய்கிறார். அரை மணி நேரத்தில் நம்பிக்கை வந்துவிடும். நான் நிறைய வீடியோ பார்த்திருக்கிறேன், உண்மையாகவே நடக்கிறது.

கால்நடை நெல்லை | செப்டம்பர் 10, காலை 7:10

தம்பி, அது நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஏன் நடக்கிறது என்பதுதான் கேள்வி. 2012இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வட்ட வேலிக்குள் மனிதனுக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக் காரை விட்டுப் பார்த்தார்கள். குதிரை விலகிப் போனால் கார் துரத்தியது, காரின் பக்கம் திரும்பினால் கார் நின்றது. குதிரைகள் காரின் பக்கம் திரும்பவும் அதை நெருங்கவும் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரைக் குதிரை தலைவனாக ஏற்றுக்கொண்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். துரத்தல் எப்போது நிற்கும் என்று கண்டுபிடித்துக்கொண்டது. உதட்டை நக்குவதும் பதற்றம் தணியும்போது வருவது, பணிவுக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதுவும் நம் ஊர் வெயிலில், ஏற்கெனவே துரத்தப்பட்டுத் தழும்போடு வந்திருக்கிற குதிரையைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு பழைய கதை. நூறு வருஷத்துக்கு முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போட்டது. கேள்விக்கு விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது எதிரே நிற்பவரின் தலையும் உடம்பும் தங்களை அறியாமல் துளி அசைந்ததைப் பார்த்துத்தான் அது நிறுத்தியிருக்கிறது. அந்த அளவுக்கு நம் உடம்பைப் படிக்கிற பிராணி. நீங்கள் பயந்துகொண்டே லாயத்துக்குள் போனால் அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏர்வாடிப் பையன் | செப்டம்பர் 10, காலை 9:45

பொம்மைக் கார் விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. யோசிக்க வேண்டிய விஷயம். நன்றி.

பணகுடிக்காரன் | செப்டம்பர் 17, இரவு 9:00

தலைக்கயிறு போடவிடுகிறது. பின்னால் நாலு எட்டு போகிறது. இடப்பக்கம் பின்னங்கால் குறுக்கே கடந்து திரும்புகிறது. நான் நின்றால் நிற்கிறது, கயிறு தொய்வாகவே இருக்கிறது. இதெல்லாம் நல்ல சேதி.

கெட்ட சேதி: சத்தத்துக்குப் பழக்கலாம் என்று யூரியாச் சாக்கு ஒன்றைக் குச்சியில் கட்டி ஆட்டினேன். முதல் நாள் கொஞ்சம் துள்ளியது, உடனே சாக்கை எடுத்துவிட்டேன். இரண்டாம் நாள் இன்னும் துள்ளியது. நாலாம் நாள் சாக்கைக் கண்டதுமே பின்னங்காலில் எழும்புகிறது. பாவமாக இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் சட்டென்று எடுத்துவிடத்தான் செய்கிறேன். எங்கே தப்பு நடக்கிறது அக்கா?

பொருநைக்கரை | செப்டம்பர் 17, இரவு 9:40

தப்பு நீ எடுத்துவிடுகிற நேரத்தில் இருக்கிறது தம்பி. துள்ளினதும் எடுத்தாய். துள்ளினால் சாக்கு போய்விடும் என்று நீதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அதற்காக, துள்ளத் துள்ள விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பதும் கூடாது. அப்படிச் செய்தால் கடைசியில் அசையாமல் நிற்கும், ஆனால் உள்ளுக்குள் உறைந்துபோய் நிற்கும். கண் வெறிக்கும், மூக்கு இறுகும், இமை கொட்டாது. அந்த நிற்றலை அமைதி என்று நம்பி ஏறியவர்கள் கீழே விழுந்திருக்கிறார்கள்.

தூரத்தைக் கூட்டு. இருபது அடிக்கு அப்பால், குதிரை காதை மட்டும் திருப்பிப் பார்க்கிற தூரத்தில், சாக்கை லேசாக அசை. காது தளர்ந்ததும் நிறுத்தி முதுகுப்பக்கம் மறைத்துக்கொள். நாளைக்குப் பதினெட்டு அடி. அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது: வேறு ஒருவரைச் சாக்கோடு முன்னால் நடக்கச் சொல், நீயும் குதிரையும் பின்னால் போங்கள். தன்னைவிட்டு விலகிப் போகிற பொருளைக் கண்டு குதிரை பயப்படாது, என்ன அது என்று மோந்து பார்க்கத்தான் எட்டி வரும்.

பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்கிறோம். அது அந்தச் சலசலப்புக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது. மாணிக்கவாசகருக்காக இறைவன் நரியைப் பரியாக்கினார். நாம் பரியைக் கொஞ்சம் பனங்காட்டு நரியாக்க வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் ஆகாது.

காயல்துறை | செப்டம்பர் 18, காலை 10:20

இழையை முதலிலிருந்து படித்தேன். குதிரை எனக்குத் தெரியாது, வரலாறு கொஞ்சம் தெரியும். நம் பொருநை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய காயல்தான் 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களின் குதிரைத் துறைமுகம். ஹோர்முஸ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை, லாடம் கட்டத் தெரிந்தவரும் இல்லை, பராமரிக்கவும் தெரியவில்லை என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியது இன்னும் வேதனை. ஒவ்வொரு குதிரைக்கும் 220 பொன் தினார் விலை. நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். அப்புறம் எந்தப் பயிற்சியும் கொடுக்காமல் வீரர்கள் நேரே ஏறி விரட்டுவார்களாம். எவ்வளவு திடமான குதிரையும் கொஞ்ச நாளில் சோர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும் என்கிறார். வெளியூர்க்காரர் எழுத்து, கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவ்வளவு பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைக்கு யாரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை என்பது இந்த இழையைப் படிக்கும்போது நெஞ்சைத் தொட்டது.

நிழலுக்கு மிரளுவது பற்றியும் ஒரு வார்த்தை. அலெக்சாண்டரின் புகழ்பெற்ற குதிரை புசெபலஸ் தன் நிழலைக் கண்டே மிரண்டதாகவும், அவர் அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பி நிழலைப் பின்னால் விழ வைத்து அடக்கியதாகவும் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறார். தம்பிக்கு உதவுமோ என்னவோ.

பணகுடிக்காரன் | செப்டம்பர் 18, இரவு 8:15

காயல் அண்ணாச்சிக்கு நன்றி. ஆனால் எனக்கு வந்திருக்கிற நிழல் திருப்பினால் போகிற நிழல் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். இறக்கை சுற்றச் சுற்ற நிழல் தரையில் விசுக் விசுக்கென்று வெட்டிக்கொண்டு போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் காலடியில் வரும்.

பொருநைக்கரை | செப்டம்பர் 18, இரவு 9:05

அப்படியென்றால் நிழலின் எல்லையைக் கண்டுபிடி. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிழல் எதுவரைக்கும் வருகிறது என்று நீ மட்டும் போய்ப் பார்த்து ஒரு கல்லை வை. குதிரையை அந்தக் கல்லுக்கு நூறு அடி முன்னாலேயே நிறுத்து. நிழல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், காலில் படக் கூடாது. அங்கே புல் மேயட்டும். மேய்ந்துகொண்டே இருந்தால் தூரம் சரி. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீ நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம், அதுவாகத் தலையை இறக்கும் வரை காத்திருந்து, இறக்கியதும் திருப்பிக் கூட்டிப் போ. ஒரு நாளைக்குப் பத்தடி. சில நாள் பத்தடி பின்னாலேயும் போக வேண்டிவரும். அதற்காக வருத்தப்படாதே.

எல்கைவண்டி | செப்டம்பர் 26, இரவு 10:30

இதுவரைக்கும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு உதவி கேட்கிறேன். என்னிடம் ஒரு வெள்ளைக் குதிரை, ஓட்டத்தில் எங்கள் பக்கம் அதை அடிக்க ஆள் இல்லை. ஆனால் மினி லாரியில் ஏற்ற ஐந்து ஆள் வேண்டும். பின்னால் கயிறு போட்டு இழுத்து, சாட்டையால் அடித்துத்தான் ஏற்றுகிறோம். போன மாதம் பலகையில் வழுக்கிப் பின்னங்கால் முட்டியில் தோல் உரிந்துவிட்டது. அந்தப் புண்ணுக்கு மருந்து போடும்போது அது என்னைப் பார்த்த பார்வை மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதலில் நான் எழுதியதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கும் தரைப்பயிற்சி உண்டா?

மேலப்பாளையம் ஜட்கா | செப்டம்பர் 27, காலை 6:20

உண்டு அண்ணாச்சி. கேட்டீர்களே, சந்தோஷம்.

லாரியை விட்டுவிடுங்கள். பழைய கதவுப் பலகை ஒன்றைத் தரையில் போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து, அதில் குதிரையை நடக்க வையுங்கள். குளம்பு பலகையில் பட்டால் டொக் டொக்கென்று கீழே பள்ளம் இருக்கிற மாதிரி சத்தம் வரும், அதுதான் முதல் பயம். ஒரு கால் வைத்ததும் பின்னால் இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதைவிட இறங்கத் தெரிய வேண்டும், எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம் என்று தெரிந்த குதிரைதான் தைரியமாக ஏறும்.

பொருநைக்கரை | செப்டம்பர் 27, காலை 8:00

பாய் சொன்னதுதான் சரி. கூடவே இரண்டு விஷயம். வெயிலில் நிற்கிற குதிரையின் கண்ணுக்கு லாரியின் உள்பக்கம் இருட்டுக் குகை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் ஆகும். லாரியைச் சூரியன் உள்ளே விழுகிற மாதிரி நிறுத்துங்கள், மேலே போட்ட தார்ப்பாயைச் சுருட்டி விடுங்கள். லாரியை மேட்டை ஒட்டி நிறுத்தினால் பலகையின் சரிவு குறையும்.

பந்தயத்தன்று இதைத் தொடங்காதீர்கள் அண்ணாச்சி. பந்தயமே இல்லாத பத்து நாளில், எங்கேயும் போகாத லாரியில், ஏற்றி ஒரு பிடி புல் கொடுத்து இறக்குங்கள். முட்டிப் புண் ஆறிய பிறகு.

எல்கைவண்டி | செப்டம்பர் 27, இரவு 9:15

சரிம்மா. பலகை போட்டாயிற்று. இன்றைக்கு மோந்து பார்த்தது, கால் வைக்கவில்லை. சாட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன்.

பணகுடிக்காரன் | அக்டோபர் 12, இரவு 9:30

பெரிய இடைவெளி விட்டுவிட்டேன், வாழைத்தார் வெட்டு. ஆனால் ஒரு நாளும் செவலையிடம் போகாமல் இருக்கவில்லை.

கடிவாளக் கதையை முதலில் சொல்கிறேன். புண் ஆறியதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்கினேன். முதலில் வெறும் விரல். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லே இல்லாத வெற்றிடம் இருக்கிறதல்லவா, வாயோரமாக அதில் விரலை வைத்தால் வாய் தானாகத் திறக்கிறது. திறந்ததும் விரலை எடுத்துவிடுவேன். ஒரு வாரம் அது மட்டும்தான். அப்புறம் மெத்தென்ற கயிறு. அப்புறம், முறுக்கும் கூரும் இல்லாத வழவழப்பான இரும்பு புதிதாக வாங்கி, பாய் சொன்ன மாதிரி தண்ணீரில் அலசி, உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்துத் தடவி நீட்டினேன். நக்கியது. மூன்றாம் நாள் நக்கிக்கொண்டே அதுவாக வாய்க்குள் வாங்கிக்கொண்டது. வார் எதையும் மாட்டவில்லை, அதுவாகவே துப்பவும் விட்டேன். மறுநாள் நான் இரும்பை எடுத்ததும் தலையைத் தாழ்த்தி என் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்தது.

நிழல் இன்னும் முடியவில்லை. கல்லிலிருந்து நூறு அடியில் தொடங்கினோம். காற்று விழுந்து இறக்கை மெதுவாகச் சுற்றுகிற நாளில் நன்றாக முன்னேறினோம், இரண்டு நாள் நாற்பது அடி பின்னால் போனோம். நேற்று சாயங்காலம் கல்லுக்குப் பக்கத்தில் நின்றோம். நிழல் அதன் முன்குளம்பைத் தொட்டுக்கொண்டு போனது. உடம்பு ஒரு முறை நடுங்கியது. ஓடவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் மூச்சை வெளியே விட்டேன், தோளைத் தளர்த்தினேன். அடுத்த நிழல் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அப்புறம் தலையைக் கீழே இறக்கி, நிழல் போன தரையை மோந்து பார்த்தது. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி நின்றது. நான் அழுதுவிட்டேன், சொல்வதில் கூச்சம் இல்லை.

உடனே திருப்பி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன் அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி. இதெல்லாம் இடப்பக்கம் நிழல் வந்தபோது நடந்தது. வலப்பக்கம் வந்தால் இன்னும் இரண்டு எட்டு விலகத்தான் செய்கிறது. ஏற எத்தனை நாள் ஆகும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பொருநைக்கரை | அக்டோபர் 12, இரவு 10:00

வீட்டில் தை கழியட்டும் என்று சொல் தம்பி. நாளைக்கு வலப்பக்கத்துக்குக் குதிரையைத் திரும்பவும் கல்லிலிருந்து நூறு அடிக்குக் கொண்டுபோய்விடு. இந்த முறை அத்தனை நாள் ஆகாது. பத்து நாள் கழித்து எழுது. அதற்குள் வடகிழக்குப் பருவம் தொடங்கி வாய்க்காலில் தண்ணீர் வரும், அடுத்தது அதில் காலை நனைக்க வேண்டும்.